எலும்பைத் தோற்ற மீனும் என் மதகும்

மதகை அடைப்பது எனக்குக் கைவந்த வேலை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், யாக்கிமா ஆற்றிலிருந்து தண்ணீர் பிரிக்கும் ஒரு பாசன நிர்வாகத்தில் பொறியாளராக இருக்கிறேன். நிர்வாகத்தின் பெயர் வேண்டாம். தவறு என் கையால் நடந்தது. ஆப்பிள், ஹாப்ஸ், திராட்சை என்று அந்தப் பள்ளத்தாக்கு பசுமையாகத் தெரிவதெல்லாம் வாய்க்கால் தண்ணீரின் தயவு. வசந்தத்தில் திறந்து அக்டோபரில் அடைப்போம். காலை எட்டு மணிக்குச் சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் ஷட்டர் தரையில் உட்கார்ந்துவிடும். மறுநாளே பராமரிப்பு ஆட்கள் வாய்க்காலில் இறங்கலாம். எவ்வளவு சீக்கிரம் காய வைக்கிறோமோ அவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்பது அப்போது என் கணக்கு.

அப்படி அடைத்த ஓர் அக்டோபரில், மூன்றாம் நாள் காலை, யாக்கமா பழங்குடியினரின் மீன்வளத் துறையிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு வெள்ளை வாளி. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவரை மனத்துக்குள் அக்கா என்றே அழைத்துப் பழகிவிட்டேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

“உள்ளே இறங்கலாமா?” என்று கேட்டார். நானும் கூடவே இறங்கினேன்.

வாய்க்கால் படுகையில் வண்டல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. மேலே ஏடு படிந்தாற்போல் காய்ந்திருந்தது. உள்ளே இன்னும் களி. அக்கா குந்தி உட்கார்ந்து, அந்த ஏட்டை இரண்டு விரலால் உரித்தார். அடியில் பழுப்பு நிறத்தில் ஏதோ நெளிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. ஒரு முறம் அகலத்துக்குள் பதினொன்றை எண்ணினோம். மண்புழு என்றுதான் நினைத்தேன். ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கண் இல்லை. தலைக்குப் பின்னால் பக்கத்துக்கு ஏழு துளைகள், புல்லாங்குழலில் இட்டதுபோல் வரிசையாக. அசைவில்லை.

“இதற்கு நான்கு வயது இருக்கும். எப்போது அடைத்தீர்கள்?”

“நேற்று முன்தினம் மதியம்.”

அவர் எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்தப் புழு, பசிபிக் லாம்ப்ரே என்ற மீனின் குஞ்சு. அங்குள்ள பழங்குடியினர் ஆங்கிலத்தில் பேசும்போது அதை ‘விலாங்கு’ என்றே சொல்கிறார்கள். பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால், பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் நம் விலாங்குக்குத் தாடை உண்டு, எலும்பு உண்டு. இதற்கு இரண்டும் கிடையாது. செதிலும் இல்லை. வட்டமான உறிஞ்சு வாய், அதற்குள் பற்கள். டைனோசர்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இதே வடிவத்தில் இருந்துவருகிற வம்சம். யாக்கமா மொழியில் இதன் பெயர் அசும். தமிழில் அசும்பு என்றால் சேறு, வழுக்கு நிலம் என்று பொருள். இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, வெறும் தற்செயல்தான். ஆனாலும் ஐந்தாறு ஆண்டு சேற்றுக்குள் கிடந்து, பிடித்தால் கையிலிருந்து வழுக்கி ஓடுகிற மீனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நம்மவர்கள்கூட வைத்திருக்க முடியாது.

எலும்பில்லாததற்கு அவர்களிடம் ஒரு கதை இருக்கிறது. லாம்ப்ரேயும் உறிஞ்சுகெண்டை மாதிரியான இன்னொரு மீனும் சூதாடினவாம். லாம்ப்ரே கையிலிருந்த பொருளையெல்லாம் தோற்று, கடைசியில் தன் எலும்புகளையே பணயம் வைத்துத் தோற்றது. அதனால்தான் அந்த மற்ற மீனுக்கு உடம்பெல்லாம் முள். தருமபுத்திரராவது நாடு, தம்பியர், தாம், மனைவி என்பதோடு நின்றார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிழைப்பும் ஒரு தனிக் கதை. ஆற்றின் அடியில் கல்லை வாயால் கவ்வி நகர்த்திக் கூடு கட்டி, ஒரு தாய் ஒரு லட்சத்துக்கும் மேல் முட்டை இடும். பொரிந்த குஞ்சு, கண் தெரியாமல், வண்டலுக்குள் புதைந்து, தண்ணீரில் வரும் பாசியையும் மக்கையும் வடிகட்டித் தின்றபடி 3 முதல் 7 ஆண்டு வரை கிடக்கும். பிறகு கண் முளைத்து, பல் முளைத்து, கடலுக்குப் போய்ப் பெரிய மீன்களில் ஒட்டி வாழும். சில ஆண்டுகள் கழித்து ஆற்றுக்குத் திரும்பும். திரும்பிய பிறகு ஒரு வாய்கூடச் சாப்பிடாமல், சேர்த்து வைத்த கொழுப்பிலேயே ஒரு குளிர்காலத்தைக் கழித்து, முட்டையிட்டுச் சாகும். சால்மனைவிடப் பல மடங்கு கொழுப்பு. கடல்சிங்கமும் நீர்க்காகமும் சால்மனை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் தின்னும். இது இருக்கிற ஆற்றில் சால்மனுக்கு ஆபத்து குறைவு என்று பழங்குடிப் பெரியவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் பின்னால்தான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

கொலம்பியா ஆற்றுப் படுகையின் யாக்கமா, உமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் மக்கள் 1855-இல் அமெரிக்க அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டபோது, நிலத்தின் பெரும்பகுதியைக் கொடுத்தார்கள். வழக்கமாக மீன் பிடிக்கும் இடங்களில் பிடிக்கும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த உரிமையில் லாம்ப்ரேயும் அடக்கம். அது அவர்களுக்கு விருந்துப் பந்தியில் வைக்கும் உணவு; அதன் எண்ணெய் மருந்து. அப்புறம் அணைகள் வந்தன. போனவில் அணை 1938-இல். த டால்ஸ் அணை வந்தபோது, 1957 மார்ச்சில், செலிலோ என்ற பெரிய மீன்பிடி அருவி சில மணி நேரத்தில் தண்ணீருக்கடியில் போயிற்று. உமட்டில்லா ஆற்றில் நடந்தது இன்னும் கொடுமை. 1967-இலும் 1974-இலும், ‘வேண்டாத மீன்களை’ ஒழிக்க என்று அந்த ஆற்றில் அதிகாரிகள் நஞ்சைக் கலந்தார்கள். வேண்டாதவற்றின் பட்டியலில் லாம்ப்ரேயும் இருந்தது.

என்னை அதைவிட உறுத்தியது கணக்குப் புத்தகம். போனவில் அணையில் மேலேறும் லாம்ப்ரேயை 1969 வரை எண்ணினார்கள். பிறகு ஏறக்குறைய 30 ஆண்டுகள் எண்ணவே இல்லை. லட்சக்கணக்கில் ஏறிய மீன் அந்த 30 ஆண்டுகளில் சுருங்கிப்போனதைப் பார்த்தவர்கள் பழங்குடியினர் மட்டும்தான். அவர்கள் சொன்னதற்கு ஏட்டில் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாமல் போனதற்குக் காரணம், என்னைப் போன்ற பொறியாளர்களுக்கு அது ஒரு மீனாகவே படாததுதான். நெஸ் பெர்ஸ் பெரியவர் எல்மர் க்ரோ இந்த மீனுக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். 2013-இல் ஸ்னேக் ஆற்றில் மூழ்கவிருந்த பேரனைக் காப்பாற்றித் தாம் உயிர்விட்டார். அவரை நான் சந்தித்ததில்லை. அக்கா அவரைப் பற்றிப் பேசும்போது குரல் தாழும்.

இனி, வாய்க்காலில் கற்றது. இதைத்தான் விரிவாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். பாசன வாய்க்காலோடு புழங்குகிறவர் எவருக்காவது ஒரு வரியாவது உதவும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாங்கள் செய்த மீட்பு வேலை எல்லாமே பழங்குடி மீன்வளத் துறையின் தலைமையில், அவர்களுடைய அனுமதியின்பேரில் நடந்தது. நல்ல எண்ணத்தோடு தனியாக வாளி எடுத்துக்கொண்டு போகிறவர் அங்கே உதவியைவிடக் கெடுதலே அதிகம் செய்வார்.

மறு ஆண்டு ஒரே நாளில் அடைப்பதை ஐந்து நாளாக நீட்டினோம். மட்டம் மெல்ல இறங்கினால் ஓரத்து வண்டலில் கிடக்கும் குஞ்சுகளுக்கு நடுப்பள்ளத்தை நோக்கி நகர நேரம் கிடைக்கிறது. எல்லாம் நகர்ந்துவிடாது, பாதி பிடிவாதமாகப் புதைந்தே கிடக்கும். பராமரிப்பு ஒப்பந்தக்காரர் நான்கு நாள் கூலி வீணாகிறது என்று குதித்தார். நடுப்பள்ளத்தில் குஞ்சுகள் ஒன்றுசேர்ந்தால் அள்ளுகிற வேலை பாதியாகும், இயந்திரமும் சீக்கிரம் இறங்கலாம் என்று அக்கா அவருக்கு விளக்கினார். கூலிக் கணக்கைக் கூலிக் கணக்காலேயே மடக்கினார். மீனைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஆண்டு நான் செய்த அடுத்த தப்பு நேரம். பகலில் ஒருமுறை நடந்து, கண்ணில் பட்டதைப் பொறுக்கிவிட்டு, முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா இரவு ஒன்பது மணிக்குத் தலைவிளக்கோடு திரும்பப் போனார். காலையில் எனக்குக் காட்டியது இரண்டு வாளி. குஞ்சு இருட்டில்தான் வெளியே வரும். ஈரம் வற்றுவது தெரிந்தபின் சேற்றை விட்டு எழுந்து, தண்ணீர் தேடி ஊரும். ஆகவே போகிற நேரம் இரவு, போகிற தடவை குறைந்தது மூன்று. தண்ணீர் வற்றிய முதல் இரவைத் தவறவிட்டால் இரண்டாம் இரவில் பிணம் பொறுக்க வேண்டியதுதான்.

மின்கருவி வைத்துப் பிடிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தண்ணீருக்குள் மின்துடிப்பு விடுகிற, முதுகில் சுமக்கும் அந்தக் கருவியைச் சால்மனுக்கு வைக்கிற அளவிலேயே வைத்தால், குஞ்சு சேற்றுக்குள்ளேயே விறைத்துப்போகும்; நமக்கு ஒன்றும் தெரியாது, இங்கே மீனே இல்லை என்று எழுதிவிட்டு வருவோம். லாம்ப்ரேக்கு முதலில் நொடிக்கு 3 துடிப்பு. கதவைத் தட்டுவதுபோல் விட்டுவிட்டுத் தட்ட வேண்டும். சேறு மெல்லப் புகையும், ஒரு தலை நீளும். அப்போது பொத்தானை மாற்றி நொடிக்கு 30. ஒரு கணம் மரத்து நிற்கும். அதற்குள் சிறுவலை அதன் அடியில் போயிருக்க வேண்டும். எனக்கு இது பழக ஒரு முழுப் பருவம் பிடித்தது.

வாளிக்கும் ஒரு முறை உண்டு. வெறும் தண்ணீரில் போட்டால் அவை ஒளிய இடம் தேடி ஓயாமல் சுற்றி நீந்திக் களைத்துப்போகும். அடியில் நான்கு விரற்கடைக்கு மெல்லிய வண்டல் போட்டுவிட்டால் தலைகீழாய்த் துளைத்து இறங்கி, அடுத்த நிமிடம் வாளியே காலியானதுபோல் அமைதியாகிவிடும். தண்ணீர் அந்த ஆற்றுத் தண்ணீராகவே இருக்க வேண்டும், குளிர்ச்சியாகவும். வெயில் கிரீம் தடவிய கையை வாளிக்குள் விடக் கூடாது. அக்கா என் கையை முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்பிய நாள் உண்டு.

எல்லாருமே மறக்கிற இடம் ஒன்று இருக்கிறது: வாரிப் போட்ட வண்டல். இயந்திரம் தூர்வாரிக் கரையில் குவிக்கும். அந்தக் குவியலுக்குள் உயிரோடு நூற்றுக்கணக்கில் இருக்கும். குவிக்காமல் மெல்லிய பரப்பாகத் தண்ணீர் ஓரத்தில் போடச் சொன்னால் பலவற்றைப் பொறுக்கிவிடலாம். சிலது தானாகவே இறங்கிப் போகிறது.

வலையை ஏன் நம்பவில்லை என்று கேட்பீர்கள். வாய்க்கால் தலைப்பில் மீன் புகாமல் சுழலும் உருளை வலை இருந்தது. எங்கள் பெருமைகளில் அதுவும் ஒன்று. கண் அளவு சுமார் 2.4 மில்லிமீட்டர், சால்மன் குஞ்சுக்கு என்று வகுத்த அளவு. நூல் தடிமனில் இருக்கும் லாம்ப்ரே குஞ்சுக்கு அது திறந்த வாசல். இன்னும் நுண்ணிய வலை போட்டால் இலையும் பாசியும் அடைத்துத் தண்ணீரே வராது. இதற்கு முழுத் தீர்வு கிடைத்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். வலைக்கு முன்னும் பின்னும் படியும் வண்டலில்தான் கூட்டம் சேரும் என்று தெரிந்ததால், முதலில் அங்கே தேடுகிறோம்.

வளர்ந்த மீனுக்கு வேறு சிக்கல். அணைகளில் மீன் மேலேறுவதற்கென்று இருக்கும் படிவழி, மீன்படி, சால்மனுக்காகக் கட்டியது. சால்மன் பாய்கிற மீன். வேகமான தண்ணீர் அதற்கு வழிகாட்டி. லாம்ப்ரே மலையேறுகிற ஆளைப்போல: வாயால் சுவரைக் கவ்வி இளைப்பாறி, ஒரு எட்டு உந்தி, மறுபடி கவ்வும். 90 டிகிரி மூலை வந்தால் அந்தக் கூர்விளிம்பில் வாய் பிடிக்காது; பிடி விட்டுத் தண்ணீரோடு கீழே போகும். தரையில் கம்பிச்சட்டம் இருந்தால் அதன் இடைவெளியிலும் பிடிப்பு இல்லை. ஓர் அணையை எட்டும் லாம்ப்ரேயில் ஏறக்குறைய பாதி அதைத் தாண்டுவதில்லை. பழங்குடியினர் விடாமல் வற்புறுத்தியதன் பேரில் போனவில் அணையில் அலுமினியச் சரிவுப் பாதைகள் வைத்தார்கள். மேலே மெல்லிய படலமாகத் தண்ணீர் வழியும், மீன் கவ்விக் கவ்வி ஏறும். எங்கள் சின்னத் தடுப்பணைக்கு அவ்வளவு செலவு தேவைப்படவில்லை. மூலைகளை உள்ளங்கை அகலத்துக்கு உருட்டிப் பூசினோம், கம்பிச்சட்டத்தின் மேல் ஒரு தகடு அடித்தோம். இரண்டு கொத்தனார், மூன்று நாள். கான்கிரீட் மூலையைக் கூராக முடிப்பதுதான் நல்ல வேலை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் செய்தும் சில கிளையாறுகளுக்கு மீன் வரவில்லை. ஏன் என்று கேட்டேன். சால்மன் பிறந்த ஆற்றுக்கே திரும்பும்; லாம்ப்ரே அப்படி இல்லை. மேலே வண்டலில் இருக்கும் குஞ்சுகளின் மணம் தண்ணீரில் கரைந்து வரும். அந்த மணத்தைப் பிடித்துத்தான் பெரிய மீன் ஆறு தேடும். “குழந்தை இல்லாத வீட்டுக்கு எந்தப் பாட்டியும் விருந்தாளியாக வரமாட்டாள்” என்றார் அக்கா. குஞ்சு அற்றுப்போன ஆற்றில், தடை எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் காத்திருந்தாலும் பயனில்லை. அதனால் பழங்குடியினர் கீழே அணைகளில் பெரிய மீன்களைப் பிடித்து, குளிர்காலம் முழுவதும் தொட்டியில் காப்பாற்றி, வசந்தத்தில் லாரியில் கொண்டுபோய் மேலாறுகளில் விடுகிறார்கள். உமட்டில்லா மக்கள் 2000 வாக்கில் தொடங்கினார்கள். நெஸ் பெர்ஸ், யாக்கமா மக்கள் பின்தொடர்ந்தார்கள். நான்கு பழங்குடியினரின் கூட்டு ஆணையம் 2011-இல் படுகை முழுவதற்கும் ஒரு மீட்புத் திட்டமே வெளியிட்டது. நஞ்சு கலந்த அதே உமட்டில்லா ஆற்றில் இப்போது குஞ்சுகள் இருக்கின்றன. பெரிய மீனும் தானாக ஏறி வருகிறது.

ஒரு ஜூலையில் அக்கா என்னை வில்லமெட் அருவிக்கு அழைத்துப்போனார். ஓரிகன் மாநிலத்தில், ஓரிகன் சிட்டி ஊரை ஒட்டி இருக்கிறது. பழங்குடியினர் இன்றும் கையால் லாம்ப்ரே பிடிக்கிற இடங்களில் முக்கியமானது அதுதான். கோடையில் தண்ணீர் குறைந்து பாறை வெளியே தெரியும். பாறை இடுக்குகளில் மீன் தோரணம்போல் தொங்கும். வெறுங்கையில் நிற்காது, பருத்திக் கையுறை வேண்டும். பையன்கள் அருவிச் சாரலுக்குள் தோள்வரை கைவிட்டுப் பிடுங்கிப் பிடுங்கிச் சாக்கில் போட்டார்கள். என்னிடம் ஒன்றைக் கொடுத்தார்கள். பிடித்த மறுகணம் வளைந்து என் மணிக்கட்டைக் கவ்வியது. கடி இல்லை, ஒரு பெரிய முத்தம். இழுத்தால் விடாது. தண்ணீரில் அமிழ்த்தினால் விடும் என்று ஒரு பையன் சிரித்துக்கொண்டே சொன்னான். மணிக்கட்டில் சிவப்பு வட்டம் மாலைவரை இருந்தது. அன்று தணலில் வாட்டினார்கள். கொழுப்பு சொட்டிச் சொட்டித் தீ எழுந்தது. மத்தியைவிட நெய்ப்பு, இரண்டு துண்டுக்குமேல் என்னால் முடியவில்லை. முதல் சாக்கு வண்டியில் ஏறியது. அருவிக்கு வர முடியாத கிழவர்களுக்கு.

சென்ற அக்டோபரில் அக்காவுக்கு முட்டிவலி. வாய்க்காலில் இறங்காமல் கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் காலையில் சக்கரத்தை நான்கு சுற்றுச் சுற்றி நிறுத்தினேன்.

“நாளைக்கு எவ்வளவு?”

“நான்கு.”

“மூன்று போதும். ஓரம் இன்னும் நனைந்திருக்கிறது.”

இரவு ஒன்பதரைக்கு விளக்கோடு இறங்கினேன். நடுப்பள்ளத்தில் தண்ணீர் கணுக்கால் அளவு. வெளிச்சத்தில் வண்டல் முழுக்க மெல்லிய கோடுகள், யாரோ ஈர்க்கால் கிறுக்கிவிட்டதுபோல. எல்லாக் கோடும் ஓரத்திலிருந்து பள்ளத்தை நோக்கி. கோடு முடிகிற இடத்தில் வலையை வைத்தேன். மேலே கரையிலிருந்து அக்கா எண்ணிக்கையைக் கேட்டார். சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டார்.